வீட்டிலேயே கார் கட்டலாம்... ஆனா, ஹேண்ட் பிரேக் எங்கே தம்பி?

58 விநாடி வீடியோ. எடுத்தது நான்தான்.

திருப்பூர் மாவட்டம் சேவூர். அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற வழியில் இருக்கிற ஊர். வாலீஸ்வரர் கோயிலுக்கும் நிலக்கடலை ஏலத்துக்கும் பேர் போனது. என் பெரியம்மா வீடு அங்கேதான். அவர் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, விசைத்தறி ஓட்டுகிற குடும்பம் ஒன்று. அந்த வீட்டுத் தம்பிக்கு வயது 23, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். தறி ஷெட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்து, இரண்டு பேர் போகிற கார் ஒன்றைக் கட்டியிருந்தார். சட்டகம் சதுர இரும்புக் குழாய். என்ஜினும் கியர்பாக்ஸும் பழைய மாருதி 800. மற்ற பாகங்கள் கோவை உக்கடத்துப் பழைய பார்ட்ஸ் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தவை.

பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. போனை எடுத்தேன். எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு ஸ்பீடு போகும், மைலேஜ் எவ்வளவு, வீட்டில் என்ன சொன்னாங்க? நாலு கேள்வி. பின்னணியில் மாஸ் மியூசிக். வீடியோ ஓடோ ஓடென்று ஓடியது. ஆபீஸில் எல்லாரும் கை கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். "அந்தத் தம்பி கட்டுன காரு தானா உருண்டு ரோட்டுக்கு வந்துருச்சு கண்ணு."

நடந்தது இதுதான். வீட்டு வாசலில் இருந்த சிமெண்ட் சறுக்கில் காரை நிறுத்திவிட்டு, பின் டயருக்கு ஒரு கருங்கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார். தினமும் அப்படித்தான் நிறுத்துவாராம். அன்று தெருவில் கிரிக்கெட் விளையாடிய பசங்களுக்கு ஸ்டம்புக்குக் கல் தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்த கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கியரின் பிடியில் நின்ற கார், பிறகு மெதுவாகப் பின்னால் நகர ஆரம்பித்து, வேகம் எடுத்து, தெருவைக் கடந்து எதிர்வீட்டு மதிலில் மோதி நின்றது. மதிலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிள் தகடாகிவிட்டது. அந்தச் சைக்கிளின் மேல் ஒரு நிமிஷம் முன்னால்வரை உட்கார்ந்திருந்த ஏழு வயசுப் பையன், பேட்டிங் பிடிக்க இறங்கிப் போயிருந்தான்.

ஊருக்குப் போனபோது தம்பியின் அம்மா என்னிடம் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, அத்தனை கேள்வி கேட்டீங்களே... நிறுத்துறதுக்கு என்ன வெச்சிருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

கேட்டிருக்கணும். கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஹேண்ட் பிரேக் எப்படிக் காணாமல் போனது?

தம்பி சோம்பேறித்தனத்தால் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். காரணம் அவர் தேர்ந்தெடுத்த வடிவத்திலேயே இருந்தது.

மாருதி 800 முன்சக்கரங்களால் ஓடும் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஹேண்ட் பிரேக் லிவரை இழுத்தால், கேபிள் வழியாகப் பின் டிரம்முக்குள் இருக்கும் ஷூக்கள் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும். அதாவது, ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும்தான்.

ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முன்னால் இருந்த என்ஜின், கியர்பாக்ஸ், சக்கரத் தொகுதி மொத்தத்தையும் அப்படியே கழற்றிப் பின்னால் மாட்டுகிறார்கள். இப்போது பின்சக்கரங்கள்தான் காரைத் தள்ளுகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் தொகுதியோடு பின்னால் வருவது முன்சக்கரத்து டிஸ்க் பிரேக். அதில் பிரேக் ஆயிலின் அழுத்தத்துக்கு மட்டுமே வேலை. கேபிளைக் கொக்கி போட ஒரு இடம்கூடக் கிடையாது. முன்னால் ஸ்டீயரிங் வேண்டும் என்பதால் அங்கே இன்னொரு காரின் முன்சக்கரத் தொகுதி. அதுவும் டிஸ்க். ஹேண்ட் பிரேக்கோடு இருந்த டிரம்கள் இரண்டும் யாருக்கும் வேண்டாதவையாகி ஓரமாகக் கிடக்கும்.

"நாலு வீலும் டிஸ்க் பிரேக்குன்னு பெருமையாத்தானுங்க்கா இருந்துச்சு. லிவரு, கேபிளு எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டனுங்க" என்றார் தம்பி.

இதே பொறியில் இன்னொரு கூட்டமும் விழுகிறது. பைக் கேலிப்பர்களை வைத்துச் சின்ன வண்டி கட்டுகிறவர்கள். பைக்குக்கு ஸ்டாண்டு இருக்கிறது, பார்க்கிங் பிரேக் தேவையில்லை. நாலு சக்கரத்துக்கு ஸ்டாண்டு ஏது?

கியரில் விட்டால் போதாதா? கல் வைத்தால் போதாதா?

நம் ஊரில் எல்லாரும் கேட்கும் கேள்வி. கியரில் விட்டு நிறுத்தும்போது காரைப் பிடித்திருப்பது சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று. பிஸ்டன் ரிங் தேய்ந்த பழைய என்ஜினில் அந்தக் காற்று மெதுவாகக் கசியும். கசியக் கசிய, என்ஜின் ஒவ்வொரு அடியாகச் சுற்றிக் கொடுக்கும். வண்டி நகரும். தம்பியின் கார் உருண்டது இப்படித்தான். கியர் கூடுதல் காவல்தான், அதுவே காவல் ஆகாது.

எலெக்ட்ரிக் மோட்டார் வைத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். கரண்ட் இல்லாத மோட்டார் கிட்டத்தட்ட சும்மா சுற்றும். அங்கே கியரின் பிடி என்ற பேச்சே இல்லை.

கல்லைப் பொறுத்தவரை, அதன் பிரச்சினை வலிமை இல்லை, நினைவு. கல் வைக்க ஒரு ஆள் வேண்டும், எடுக்க ஒரு ஆள் வேண்டும், நடுவில் யாரும் தொடக் கூடாது. லாரியில் அதற்கென்று கிளீனர் இருந்தார். கட்டையோடு குதித்து இறங்கி டயருக்குக் கீழே போடுவது அவர் வேலை. அவிநாசித் தேர் சித்திரையில் வீதி வரும்போது பாருங்கள். வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேர் எங்கே நிற்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்தடியில் கட்டை போடுகிற சிலர். கண் இமைக்காமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 'முட்டுக்கட்டை' என்ற சொல்லைத் தடங்கல் என்ற அர்த்தத்தில் நாம் திட்டப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது ஊரைக் காக்கிற பொருள்.

ஹேண்ட் பிரேக் என்பது ஆள் இல்லாமலே வேலை செய்யும் முட்டுக்கட்டை. ஓட்டுநர் இறங்கிப் போன பிறகும், மறந்த பிறகும், தூங்கும்போதும் பிடித்துக்கொண்டிருக்கும் ஒன்று. அதனால்தான் உலக அளவிலான விதிகள் ஒரு நிபந்தனை வைக்கின்றன: பிடிக்க வைப்பது கையோ மோட்டாரோ எதுவாகவும் இருக்கலாம், பிடித்த நிலையில் பூட்டி வைத்திருப்பது முழுக்க இயந்திர அமைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆயில் அழுத்தத்தில் நிற்கக் கூடாது. ஆயில் கசியும், குளிர்ந்தால் சுருங்கும். டிரிஃப்ட் அடிக்க ஆன்லைனில் விற்கும் ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் பார்க்க அம்சமாக இருக்கும். ஆனால் அது பார்க்கிங் பிரேக் ஆகாது.

எவ்வளவு பிடிக்க வேண்டும்?

ஐ.நா.வின் 13-எச் என்கிற பிரேக் விதி தெளிவாகச் சொல்கிறது. முழுச் சுமையோடு இருக்கும் காரை, 20 சதவீதச் சரிவில், ஏற்றமோ இறக்கமோ, பார்க்கிங் பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டும். லிவரை இழுக்கும் கைக்கு 400 நியூட்டன், அதாவது சுமார் 40 கிலோ விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது.

20 சதவீதச் சரிவு என்றால், 5 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம். நம் வீட்டு வாசல் சறுக்குகள் பல இதைவிடச் செங்குத்து.

தம்பியின் காரை வைத்தே கணக்குப் போடலாம். கார் 560 கிலோ. இரண்டு பேர் ஏறினால் 700 கிலோ. அந்தச் சரிவில் அதைக் கீழே இழுக்கும் விசை சுமார் 137 கிலோ. 'அவ்வளவுதானா?' என்று தோன்றும். ஆனால் இந்த விசை வருவது டயரின் விளிம்பில். 12 இன்ச் ரிம் போட்ட டயரின் மையத்திலிருந்து தரை வரை சுமார் 25 செ.மீ. பேட் பிடிப்பதோ மையத்திலிருந்து 9 செ.மீ. தூரத்தில். கதவைக் கைப்பிடியில் தள்ளுவதற்கும் கீல் பக்கத்தில் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த 137 கிலோ, டிஸ்க்கில் கிட்டத்தட்ட 380 கிலோவாக மாறிவிடுகிறது. ஒரு சக்கரத்துக்கு 190 கிலோவுக்கும் மேல். இதை வெறும் கையால் பிடிக்க முடியாது. லிவரின் நீளம், கேலிப்பரில் இருக்கும் கைநெம்பு, இரண்டும் சேர்ந்து கையின் பலத்தைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும்.

டிரம் பிரேக்கில் ஒரு வசதி உண்டு. சக்கரம் சுற்ற முயலும்போது, முன்னால் இருக்கும் ஷூவைத் தானே இன்னும் இறுக்கமாக இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது. நாலு சக்கரத்திலும் டிஸ்க் உள்ள பெரிய கார்கள் பலவற்றில், பின் டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் பார்க்கிங்குக்கென்றே ஒரு குட்டி டிரம் ஒளிந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, எப்படிப் பொருத்துவது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, எளிதானது: டிரம்மோடு கூடிய பின் அச்சை எடுத்தால், லிவர், கேபிள், நடுவில் இரண்டு கேபிளையும் சமமாக இழுக்கும் சமன்பட்டை எல்லாவற்றையும் அதே காரிலிருந்து முழு செட்டாக எடுங்கள். ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது: பின்னால் டிஸ்க் என்றால், அதே டிஸ்க்கில் இன்னொரு இடத்தில் கேபிளால் இயங்கும் தனிக் கேலிப்பர் ஒன்றைச் சேர்ப்பது. ஆயில் கேலிப்பர் ஓட்டும்போது, கேபிள் கேலிப்பர் நிறுத்தும்போது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும்.

மூன்றாவது: பழைய வில்லிஸ் ஜீப்பில் இருந்ததைப் போல, பின் சக்கரங்களுக்குப் போகும் சுழல்தண்டைப் பிடிக்கும் பிரேக். டிஃபரன்ஷியலின் பல் விகிதம் துணைக்கு வருவதால் சின்ன டிரம்மே போதும். குறை என்னவென்றால், ஜாக்கி போட்டு ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சுற்றவிடும், வண்டி நகர்ந்துவிடும். ஸ்டெப்னி மாற்றும் நேரம்தான் பார்த்து ஏமாற்றும்.

தம்பி தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழி. அதில் அவர் கற்றுக்கொண்ட பாடங்கள் எந்த யூடியூப் வீடியோவிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒன்று: கேபிளின் உள்கம்பி இழுக்கிறது, வெளியுறை தாங்குகிறது. உறையின் இரண்டு முனையும் அசையாத இரும்பில் அமர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் லிவரை இழுத்தால் உறைதான் வளையும், பிரேக் பிடிக்காது.

இரண்டு: பின்சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது கேபிள் இழுபடக் கூடாது. இழுபட்டால் ஓட்டும்போதே பேட் உரசிச் சூடேறும். சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலும், முழுக்க அமுங்கிய நிலையிலும் கேபிளின் தளர்வைப் பார்க்க வேண்டும். சைலன்ஸர் பக்கமாகக் கொண்டு போகவே கூடாது.

மூன்று: லிவரைத் தரைத் தகட்டில் மட்டும் போல்ட் அடித்தால் தகடுதான் மடங்கும். சட்டகக் குழாயோடு பிணைத்த கனமான பட்டையில் உட்கார வேண்டும்.

நான்கு: கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை நீங்களே வெல்டிங் அடிக்காதீர்கள். சக்கரத் தொகுதியில் வார்ப்பு இரும்பு இருந்தால் சாதாரண வெல்டிங் விரிசல் விடும். துளை போட்டு போல்ட்டில் பொருத்துகிற மாதிரி வடிவமைத்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

தராசு பொய் சொல்லாது

கட்டி முடித்தாச்சு. பிடிக்குதா? 20 சதவீதச் சரிவுக்கு எங்கே போவது? சேவூர் பக்கம் பெரும்பாலும் சமவெளி. அதற்கு ஒரு வழி உண்டு. பழைய காட்டன் மூட்டைகளை நிறுக்க வேஸ்ட் குடோன்களில் தொங்கவிடும் எலெக்ட்ரானிக் தராசு பார்த்திருப்பீர்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, காருக்கும் தூணுக்கும் நடுவில் அந்தத் தராசையும் செயின் பிளாக்கையும் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். சக்கரம் சுற்றுகிற கணத்தில் தராசு காட்டும் எண்தான் உங்கள் பிரேக்கின் மார்க். காரில் ஆள் இருக்கக் கூடாது, செயினின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. முன்னாலிருந்து ஒரு முறை, பின்னாலிருந்து ஒரு முறை.

தம்பியின் காருக்கு வேண்டியது 137. முதல் தடவை 90 வந்ததுமே சக்கரம் சுற்றிவிட்டது. கேலிப்பரில் குறை இல்லை, லிவர் உட்கார்ந்த பட்டை வளைந்திருந்தது. அதைக் கெட்டிப்படுத்திய பிறகு 150 வரை இழுத்தும் அசையவில்லை.

அதோடு முடியவில்லை. டிஸ்க்கில் இன்னொரு ஆபத்து உண்டு. ஓட்டி வந்ததும் டிஸ்க் சூடாக விரிந்திருக்கும். அப்போது ஹேண்ட் பிரேக் போட்டால் நன்றாகப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் ஆறிச் சுருங்கும்போது பேட்டின் அழுத்தம் குறையும். நின்ற கார் நம் தலை மறைந்த பிறகு நகரும். எனவே நன்றாக ஓட்டிவிட்டு வந்து ஒரு முறை, ஆறிய பிறகு, மறுபடி இழுக்காமல் ஒரு முறை சோதிக்க வேண்டும். சமதளத்தில் இழுத்துப் பார்ப்பது முதல் தேர்வுதான். காரின் மூக்கு கீழ்நோக்கி நிற்கும்போது பின் டயரின் மேல் எடை குறையும், தரைப்பிடியும் குறையும். அதைக் கண்டுபிடிக்க உண்மையான சரிவில், டயர் முன்னால் கட்டை வைத்துக்கொண்டு பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

"சொந்தத் தோட்டத்துக்குள்ளதான ஓட்டுறோம், எந்தச் சட்டம் கேக்கும்?" இதுவும் அடிக்கடி கேட்கிற பேச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 39-ஆம் பிரிவு, பதிவு செய்யாத வாகனத்தைப் பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் ஓட்டக் கூடாது என்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி செய்த சிறப்பு வகை வண்டிகளுக்கு மட்டும் வரையறையிலேயே விலக்கு இருக்கிறது.

ஹேண்ட் பிரேக் விஷயத்திலும் சட்டம் தெளிவு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 96-ஆம் விதி, காருக்குக் கால் பிரேக், பார்க்கிங் பிரேக் என ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் அமைப்புகள் வேண்டும் என்கிறது. சட்டத்தின் 126-ஆம் பிரிவு, ஓட்டுநர் இருக்கையில் ஆள் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை நிறுத்தினால், என்ஜினை அணைத்து, பிரேக் போட்டோ வேறு ஏற்பாட்டாலோ அது தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது.

பதிவு செய்யலாமே என்றால், அங்கேதான் சுவர். தயாரிப்பாளர் தன் மாதிரி வாகனத்தைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் கம்பெனிக்கான பாதை அது. ஒரே ஒரு கார் கட்டும் ஆளுக்கென்று எளிய பாதை இல்லை. இருக்கும் காரை மாற்றிக் கட்டினால் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது.

கோவைக்கு இது புதுக்கதை அல்ல

1952-ல் கோவையில் ஜி.டி.நாயுடு இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். அரசு உற்பத்தி உரிமம் கொடுக்கவில்லை, அந்தக் கார் அதோடு நின்றது. இன்று அதே அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள மேம்பாலத்துக்கு அவர் பெயர். 2025 அக்டோபரில் திறந்தார்கள். காருக்குக் கிடைக்காத அனுமதி, பெயருக்குக் கிடைத்துவிட்டது.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் தத்தாத்ரயா லோஹர் என்பவர் பழைய பாகங்களை வைத்துக் கட்டிய, பைக் போல உதைத்து ஸ்டார்ட் செய்யும் ஜீப் 2021 டிசம்பரில் வைரலானது நினைவிருக்கிறதா? விதிகளுக்கு உட்படாத வண்டி, அதிகாரிகள் எப்படியும் தடுப்பார்கள் என்று சொல்லித்தான் ஆனந்த் மஹிந்திரா அதை வாங்கிக்கொண்டு புது பொலேரோ கொடுத்தார். அருமையான முடிவு. ஆனால் அப்படிக் கட்டுகிற எல்லாருக்கும் பொலேரோ கிடைக்காது.

நம் பொறியியல் மாணவர்களின் கதை இன்னொரு பக்கம். கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய கார்களோடு வருகின்றன. பிரேக் சோதனை அங்கே கடுமையானது. ஓடும் காரில் நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த வகை மாணவர் ரேஸ் கார்களுக்குப் பார்க்கிங் பிரேக் கட்டாயமில்லை. தட்டையான டிராக்கில் ஓடி, ஆள் சூழ பிட்டில் நிற்கும் காருக்கு அது தேவையில்லைதான். விளைவு? ஓடுவதை நிறுத்தத் தெரிந்த, நின்றதை நிற்க வைக்க ஒருமுறைகூட யோசிக்க வேண்டியிராத ஒரு தலைமுறை கார் கட்டக் கற்றுக்கொள்கிறது.

தடை போட்டால் உருளாதா?

கம்பெனி கார் என்றால் இந்த ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹாலிவுட் நடிகர் ஆன்டன் யெல்சின் 2016 ஜூனில் தன் வீட்டுச் சரிவில் உருண்டு வந்த தன் ஜீப்புக்கும் கேட் தூணுக்கும் நடுவில் சிக்கி இறந்தார். அவருக்கு வயது 27. அந்த மாடலின் கியர் லிவர் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்று சொல்லி, இரண்டு மாதம் முன்புதான் உலகம் முழுக்க 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்திருந்தார்கள். கம்பெனி காரில் தவறு நடந்தால் கணக்குக் கேட்க, திரும்ப அழைக்க ஒரு வழி இருக்கிறது. சேவூர் கொட்டகையில் கட்டிய காருக்கு அப்படி எதுவும் இல்லை.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். லோட்டஸ் செவன் போன்ற கார்களைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் பழக்கம் அங்கே 1950-களிலிருந்தே உண்டு. 1998-ல் ஒற்றை வாகன அங்கீகாரம் என்று ஒரு சோதனை முறை வந்தது, 2009-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். நீங்கள் கட்டிய ஒரே காரை அரசுப் பரிசோதகர் முன் நிறுத்த வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, கூர்மையான விளிம்பு என எல்லாம் பார்ப்பார். தேறினால்தான் நம்பர் பிளேட். அதற்குப் பிறகும் வருடாந்திரச் சோதனையில், சாதாரண காரின் பார்க்கிங் பிரேக் வண்டி எடையில் 16 சதவீதம் பிடித்துக் காட்ட வேண்டும்.

இங்கே அதைக் கொண்டுவந்தால் கண்டபடி வண்டி கட்டி ரோட்டை நாசமாக்குவார்கள், சான்று காசுக்கு விற்கப்படும் என்று ஒரு வாதம் உண்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. ஓட்டுநர் உரிமமே எப்படி எடுக்கப்படுகிறது என்று நமக்குத் தெரியும். உச்ச நீதிமன்றத்தின் கவலையும் நியாயமானதே. தெருவில் நடக்கிறவருக்கு, எதிரே வரும் வண்டி பத்திரமானது என்று நம்ப உரிமை இருக்கிறது.

ஆனால் தடை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். கட்டுவதைத் தடுக்கவில்லை. கட்டிய வண்டியை ஒரு நிபுணர் பார்ப்பதைத்தான் தடுத்திருக்கிறது. தம்பி தன் காரை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் 'இதுல என்ன குறைன்னு பாருங்க' என்று கேட்க முடியாது. கேட்டால் வண்டி உள்ளே போகும். அதனால் கொட்டகைக்குள் மறைத்துக் கட்டினார். முதல் பரிசோதகராக வந்தது நான். கையில் போனோடு.

அந்தக் காரை அவர் ஒரு நாளும் தார் ரோட்டுக்குக் கொண்டுவரவில்லை. ஓட்டுநரே இல்லாமல் அது தானாகத்தான் ரோட்டுக்கு வந்தது. 'ரோட்டுக்கு வராதவரை பிரச்சினை இல்லை' என்கிற நம் நினைப்பை உடைக்க அந்தத் தட்டையான சைக்கிள் போதும்.

எனவே என் கருத்து இதுதான். ஒற்றை வாகனத்துக்கான சோதனை முறை நமக்கு வேண்டும். முதல் நாளிலேயே நெடுஞ்சாலையில் விட வேண்டாம். வருடத்துக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கை வரம்பு வைக்கலாம், வேக வரம்பு வைக்கலாம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகனச் சோதனை மையமே இருக்கிறது. அதற்கு முந்தைய படியாக, சட்டகம், பிரேக், ஸ்டீயரிங் மூன்றை மட்டும் பார்த்துக் குறை சொல்லும் ஆலோசனை மையங்களை ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் வைக்கலாம். அனுமதி கொடுக்க வேண்டாம், வழக்குப் போடாமல் குறை சொன்னால் போதும்.

அதுவரை, கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஹேண்ட் பிரேக்கைக் கடைசி வேலையாக வைக்காதீர்கள். என்ஜினைத் தூக்கி மாட்டும் முன்பே, 'இது எப்படி நிற்கும்?' என்பதற்குப் பதில் பேப்பரில் இருக்கட்டும். சட்டகம் சக்கரத்தில் நின்ற அன்றே ஹேண்ட் பிரேக் வேலை செய்யட்டும். கொட்டகைக்குள் தள்ளி நிறுத்தும்போதே அது தேவைப்படும்.

எனக்கும் ஒரு பாடம். பழைய வீடியோவை நீக்கச் சொல்லிவிட்டேன். இப்போது சேவூரில் அந்தக் கார் சறுக்கில் நிற்பதில்லை, சமதளத்தில் நிற்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும். கியரிலும் இருக்கும். அதற்கு மேல் பின் டயரடியில் ஒரு மரக்கட்டையும் இருக்கும், சங்கிலியில் கட்டியபடி. "அம்மா கட்டி வெச்சதுங்க்கா, யாரும் ஸ்டம்புக்கு எடுத்துட்டுப் போக முடியாது" என்றார் தம்பி. எதிர்வீட்டுப் பையனுக்குப் புதுச் சைக்கிளும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த முறை 'நம்ம ஊர் பையன் கட்டிய கார்' என்று ஒரு ரீல் உங்கள் போனில் வந்தால், லைக் போடுங்கள், தப்பில்லை. கூடவே கமெண்டில் ஒரு கேள்வியையும் போடுங்கள்: ஹேண்ட் பிரேக் எங்கே தம்பி?